மருந்தறைக்கு ஆகும் கை

பிளஸ் டூ முடிவு வந்து பொறியியல் கவுன்சலிங் முடிகிற வரைக்கும் விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் ஒரே தீர்ப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். பெண் பிள்ளை என்ஜினீயரிங் படிக்கட்டும். அதில் இன்று யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும், கிடைக்காவிட்டால் ஐ.டி.; அதுவும் கிடைக்காவிட்டால் இ.சி.இ. மெக்கானிக்கல் வேண்டாம், சிவில் வேண்டாம், கெமிக்கல் வேண்டவே வேண்டாம். பொம்பளைப் பிள்ளை போய் மெஷின் பக்கத்தில் நிற்க முடியுமா? வெயில், சூடு, எண்ணெய்ப் பிசுக்கு, ராத்திரி ஷிப்ட்! இப்படிச் சொல்கிறவர்களைப் பத்தாம்பசலிகள் என்று தள்ளிவிட முடியாது. மகளின் கட்-ஆஃப் 200-க்கு எத்தனை என்று புள்ளி பிசகாமல் சொல்லக்கூடிய பெற்றோர், அக்கறையுள்ள ஆசிரியர், கல்லூரிக்கு ஆளெடுக்க வரும் அதிகாரி எல்லோரும் இதில் ஒரே கட்சி. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் இதையே மெருகேற்றி, “கதவு திறந்துதான் கிடக்கிறது, பெண்களுக்கே அந்தப் பக்கம் விருப்பம் இல்லை” என்பார்கள். அக்கறை என்ற உடுப்பில் வருவதால் இந்தக் கருத்தை யாரும் வாசலில் நிறுத்தி விசாரிப்பதில்லை. வேறு ஊர்களில் சொன்னால் ஏதோ பொருந்துவது போலக்கூடத் தோன்றும். தொழிற்பேட்டை இருக்கும் சூலக்கரையிலும் சிவகாசியிலும் இதைச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஏனென்றால் இந்த வட்டாரத்தில் வெயிலும் சூடும் ஆபத்தும் பெண்களுக்கு அன்றாடக் கூலி வேலை. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் உருவாவதாகத் தொழில்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். உரிமம் பெற்ற ஆலைகள் மட்டும் 1,000-க்கு மேல். ஊர் வழக்கில் இவற்றுக்கு ஆலை என்ற பெயரே இல்லை, ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். காலையில் வேன் ஏறி அந்த ஆபீஸ்களுக்குப் போகிறவர்களில் பெரும்பங்கு பெண்கள். குழாய் சுற்றுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டியில் அடைப்பது அவர்கள் வேலை. கலந்த வெடிமருந்தைக் குழாயில் செலுத்தும் அறைகளிலும் அவர்கள் உட்காருகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே, அங்கே என்ன நடக்கக்கூடும் என்பதைச் சொல்லிவிடுகிறது: வெடித்தால் நான்கு பேரோடு போகட்டும் என்ற கணக்கு அது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் 10 பேர். இரண்டு பட்டியல்களிலும் பெண்களின் பெயர்கள் உண்டு. மருந்தறையில் உட்கார ஆகும் கை, அந்த மருந்தின் விகிதத்தை நிர்ணயிக்கும் மேசைக்கு மட்டும் எப்படி ஆகாமல் போகிறது? ஆபத்து பெண்ணுக்கு ஒவ்வாது என்றால் முதலில் பயராபீஸ்களை அல்லவா காலி செய்ய வேண்டும்? அதை ஒருவரும் சொல்லக் காணோம். தினக்கூலியாக இருக்கும்வரை ஆபத்து அவளுக்குப் பொருந்துகிறது. மாதச் சம்பளம், பதவிப் பெயர், கையெழுத்துப் போடும் அதிகாரம் என்று வந்துவிட்டால் அதே ஆபத்து அவளுக்கு ஆகாததாகிவிடுகிறது. பெண்ணை எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தப் புரட்டு வீட்டுப் பேச்சோடு நிற்கவில்லை. சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி, உடம்போடு ஒட்டிய உடை அணிந்து அதைச் செய்ய வேண்டும். அந்த உடையை ஆலைக்காரரே வழங்க வேண்டும். அதே பிரிவின் அடுத்த பகுதி, ஓடும் மூல இயந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ பெண்களையும் இளம்வயதினரையும் அனுமதிக்கக் கூடாது என்றது. ஆணுக்கு ஆபத்து என்றால் பயிற்சியும் உடுப்பும். பெண்ணுக்கு ஆபத்து என்றால் தடை. சேலை பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும் என்று சிலர் இதற்கு நியாயம் சொல்வார்கள். சிக்கும்தான். வேட்டியும் லுங்கியும் சிக்கும். அதற்காகத்தானே ஆணுக்கு வேறு உடுப்பு கொடுக்கச் சொன்னது சட்டம்? 27-ஆம் பிரிவு, பஞ்சு பிரிக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில் பெண்களையும் குழந்தைகளையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இருவரையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டது. 66-ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பெண்களுக்கு ஆலையில் இடமில்லை என்றது. எண்ணெய் விடுவதும் சரிசெய்வதும்தான் ஒரு ஃபிட்டருக்கு அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைத் தொடவிடாமல் வைத்துவிட்டு, “பெண்களுக்கு மெஷினில் நாட்டம் இல்லை” என்று ஆராய்ச்சி முடிவு சொல்வது வேடிக்கை. 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவு நேரத் தடையை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண்ணை எல்லா வகை வேலையிலும், அவள் சம்மதத்தோடு இரவிலும், அமர்த்தலாம் என்கிறது. ஏட்டில் தடை போய்விட்டது. முக்கால் நூற்றாண்டாக அந்தத் தடையின் நிழலில் வளர்ந்த பழக்கம் வீட்டிலும் ஆலையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

“பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல் நுணுக்கம், அதனால் அவர்களுக்கென்று தனி வேலை இருக்கிறது” என்ற புகழுரையையும் இங்கே தொட்டாக வேண்டும். இந்தப் புகழுரைக்கு இந்த மண்ணில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ்களில் குழந்தைகள் குச்சி அடுக்கிக்கொண்டும் பெட்டி ஒட்டிக்கொண்டும் இருந்த காலத்தில் அதற்குச் சொல்லப்பட்ட நியாயமும் இதுவேதான்: சின்ன விரல், வேகமாக ஓடும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, அந்த நியாயத்தைக் குழந்தைகளுக்காகச் சொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை. பெண்களுக்காக இன்றும் சொல்கிறோம். விரலைப் புகழ்ந்து கூலியைக் குறைப்பது இந்த வட்டாரம் நூறாண்டாகப் பழகிய கணக்கு. அந்த விரலின் நுணுக்கம் நிஜமானால் கடைசல் இயந்திரத்தில் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் அது உதவ வேண்டும். நான்கு நிறம் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்த வேண்டிய ஆப்செட் அச்சில் மெஷின் ஆப்பரேட்டராக நிற்கவும் உதவ வேண்டும். சிவகாசியில் அச்சகங்களுக்கா பஞ்சம்? ஆனால் அங்கேயும் தாள் மடிப்பதும் அடுக்குவதும் பைண்டிங்கும் பெண்களிடம், மெஷின் ஆண்களிடம் என்பதுதான் பொது வழக்கம். விரல் அதே விரல். இயந்திரத்தின் பொத்தான் வந்ததும் நுணுக்கம் ஆணிடம் போய்விடுகிறது.

“குழாய் சுற்றுவதையும் பொறியியலையும் ஒன்றாக்காதே” என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. மருந்து செலுத்தும் பெண் வேதிப் பொறியாளர் அல்லர். கைப்பழக்கம் வேறு, ஏன் எப்படி என்று தெரிந்து அமைப்பையே மாற்றும் அறிவு வேறு. ஈரம் பட்ட அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் சேர்ந்தால் கலவை தானாகவே சூடேறும்; கொஞ்சம் போரிக் அமிலம் சேர்த்தால் அந்த வினை அடங்கும். நேற்றைய மிச்ச மருந்தை ஏன் இரவெல்லாம் வைத்திருக்கக் கூடாது, மழைக்காலக் காலைகளில் ஏன் கூடுதல் பயம் வேண்டும் என்பதற்கெல்லாம் விளக்கம் இந்த இடத்தில் கிடக்கிறது. இது பாடம், அனுபவத்தால் மட்டும் வராது. சரி, அந்தப் பாடத்துக்கு ஆண் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று பார்ப்போம். இந்த ஊரின் தொழில் வரலாறே ஒரு பட்டமும் இல்லாமல் தொடங்கியது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், அங்கேயே இருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-இல் சிவகாசிக்குத் திரும்பி ஆலை தொடங்கினார்கள். பார்த்துக் கற்பது, கூட நின்று கற்பது, பிறகு தானே செய்வது. அதே வழியில்தான் இன்றும் ஒரு பையன் எடுபிடியாக நுழைந்து, மெக்கானிக்கின் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, ஆப்பரேட்டராகி, கடைசியில் போர்மேன் ஆகிறான். இடையில் ஓர் ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமாவோ சேர்ந்துவிட்டால் ஏறுவது இன்னும் வேகம். அவனோடு அதே வருடம் நுழைந்த பெண் 30 வருடம் கழித்தும் அதே பாயில், அதே பீஸ் ரேட்டில். இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 தொழிற்சாலைகள் ஆய்வு சொன்னது. அந்தப் பெருமையை நாம் மேடையில் சொல்லிக்கொள்கிறோம். ஆலைக்குள் பெண் நுழைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாடிப்படியைத்தான் அவளுக்கு வைக்கவில்லை. தாய்க்குப் படி இல்லாத ஆலையில் மகள் பொறியாளராக நுழைவதை அந்த வீடு எப்படிக் கற்பனை செய்யும்? தாய் பார்த்த ஆலை ஒன்று, மகள் படிக்கும் பாடப்புத்தகத்தின் ஆலை இன்னொன்று.

விருப்பம் என்ற வாதத்துக்கு வருவோம். எதிர்க்கட்சியின் பலமான ஆயுதம் இதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸைப் பெண்கள் தாமாகவே முதல் விருப்பமாக எழுதுகிறார்கள், யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை என்பது வாதம். உண்மை. ஆனால் பையன்களும் அதைத்தானே எழுதுகிறார்கள்? கடந்த சில ஆண்டுகளில் மெக்கானிக்கல், சிவில் வகுப்புகள் பல கல்லூரிகளில் காற்று வாங்கியதற்குப் பெண்ணின் இயல்பு காரணமா? சம்பளம் போகிற பக்கம் கூட்டம் போகிறது. அதில் ஆண் பெண் பேதம் இல்லை. பையன் போனால் சந்தைக் கணக்கு, பெண் போனால் இயற்கைக் குணம் என்று இரண்டு தராசு வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தவிர, கணினி ‘பெண்ணுக்கு ஏற்ற’ படிப்பு என்பது இங்கேதான் இயற்கை. அமெரிக்காவில் 1980-களின் நடுவில் கணினி அறிவியல் பட்டதாரிகளில் பெண்கள் ஏறத்தாழ 37 சதவீதம். பிறகு அது சரிந்து 20 சதவீதத்துக்கும் கீழே போனது. அங்கே கணினி ஆண்களின் துறை என்று ஆகிவிட்டது. ஒரே பாடம் ஒரு தேசத்தில் பெண்ணுக்கு இயல்பாகவும் இன்னொரு தேசத்தில் ஆணுக்கு இயல்பாகவும் இருக்குமானால், அதற்கு இயல்பு என்று பெயர் வைக்கலாமா? உள்ளூரிலேயே இன்னொரு சோதனை நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 1989-இல் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது. போட்டித் தேர்வு எழுதி வந்த பெண் உதவிப் பொறியாளர்களை இன்று துணை மின்நிலையத்திலும் பொதுப்பணித் துறையிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் பார்க்கலாம். மின்சாரமும் கான்கிரீட்டும் தாரும் ஜல்லியும்தான் அவர்கள் வேலை. தேர்வு வைத்துக் கூப்பிட்டால் வருகிறார்கள். ஆள் பார்த்துக் கூப்பிடும் இடத்தில் மட்டும் விருப்பம் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். 1974-இல் டெல்கோ விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அச்சிட்டிருந்ததும், சுதா மூர்த்தி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதியதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. இன்று அப்படி யாரும் அச்சிடுவதில்லை. அச்சிடாமலே அதே காரியம் நடக்கிறது, எதிர்த்து அஞ்சலட்டை எழுதவும் வழியில்லாமல்.

பெண்ணுக்குப் பொறியியல் வழி எப்படித் திறக்கும் என்பதற்கு நம்மிடம் 80 ஆண்டு பழைய சான்று இருக்கிறது. 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த அ. லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம்; 18 வயதில் கைக்குழந்தையோடு விதவை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவும் பொதுக் கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாதமும் சம்மதிக்க, 1940-இல் லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். கல்லூரி பெண்களுக்குத் திறந்ததும் பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவிலில் சேர்ந்தார்கள். லலிதாவுக்குப் பயிற்சி ஜமால்பூர் ரயில்வே பட்டறையில். பின்னால் கல்கத்தாவில் மின்கடத்திப் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைக்கும் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்வேலையிலும் அவர் பங்கு உண்டு. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பாலம், சாலை, மருத்துவமனைக் கட்டடம் என்று அத்தனையும் வெயிலில் நின்று செய்யும் வேலை. லலிதாவின் அப்பா பேராசிரியர், அவருக்கு எல்லாம் கிடைத்தது என்று இதைத் தள்ளலாம். நானும் அதையேதான் சொல்கிறேன். லலிதாவுக்குக் கிடைத்தது என்னென்ன? முதல்வரிடம் போய்க் கேட்க ஓர் ஆள், கல்லூரியில் பெண் துணை, தங்க இடம், பட்டறைப் பயிற்சி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம். இவற்றில் ஒன்றுகூட உடல் வலிமையோ பிறவி நாட்டமோ இல்லை. எல்லாமே ஏற்பாடுகள். ஏற்பாட்டை ஓர் அப்பா செய்துவைத்தால் அதிர்ஷ்டம். ஒரு மாவட்டம் செய்துவைத்தால் அதற்குப் பெயர் வழி. விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகப் போகும் ரயில் போய்ச்சேரும் செங்கோட்டையில்தான் நிகார் ஷாஜி பள்ளி படித்தார். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பொறியியல் முடித்து, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் ஆனார். அவர் பெயரை ஆண்டுவிழாக்களில் சொல்லிவிட்டு நம் வீட்டுப் பெண்ணுக்கு மெக்கானிக்கல் வேண்டாம் என்று சொல்வதில் நமக்குக் கூச்சமே இல்லை. ராக்கெட்டின் திட எரிபொருளிலும் அலுமினியப் பவுடர்தான் எரிகிறது என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

“பட்டறையில் பழக்கிவிட்ட பிறகு கல்யாணம் ஆகிப் போய்விடுவாள், ஒரு சீட்டும் ஒரு வேலையும் வீண்” என்பது ஆலைக்காரர்கள் சொல்லும் கணக்கு. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஐ.டி. கம்பெனிக்கும், வங்கித் தேர்வுக்கும், வளைகுடாவில் வேறு வேலைக்கும் போன ஆண்களைக் கணக்கெடுத்தால் வீணான சீட்டுகளின் நீளம் தெரியும். அவர்களை யாரும் வாசலிலேயே தடுப்பதில்லை. இதற்கு மேல் இந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

சம்பள வாதம் அப்படிப்பட்டதல்ல. அதற்கு நான் பாதி வழி இறங்கிவர வேண்டும். ஒரு பயராபீஸ் தொழிலாளியின் மகள், குடும்பத்தில் முதல் பட்டதாரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து நான்காம் வருடமே வேலை வாங்கி வீட்டுக் கடனை அடைக்கிறாள் என்றால் அவளைக் குறைசொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆலைப் பொறியாளருக்குத் தொடக்கச் சம்பளம் குறைவு என்பது ஊரறிந்தது. ஆனால் அதைப் பணக் கணக்கு என்றே சொல்லுங்கள். பெண்ணுடம்பின் கணக்காக மாற்றாதீர்கள். மேலும், சென்னைக்கும் பெங்களூருக்கும் போக முடியாத, அனுப்பவும் மாட்டாத வீடுகள்தான் இங்கே அதிகம். அவர்களுக்கு எதிரில் இருப்பது பி.இ. என்ற ஒரே கதவு இல்லை; பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று தாழ்ந்த செலவில் வேறு கதவுகளும் உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் சேர்த்தே கிடைக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்தக் கதவுகளுக்குள்ளும் பெண் நுழைந்தால் தையல் தொழில்நுட்பத்துக்கோ கணினி இயக்குநர் பிரிவுக்கோ கைகாட்டி அனுப்புகிறோம். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் வரிசைகளில் அவள் பெயரை எழுதும்போது பேனா ஒரு நிமிடம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஊர்களின் கொடையாளர்களை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். விருதுநகரில் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-இல் வந்தது. சிவகாசியில் ஒரு பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கி ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-இல் வந்தது. 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் இருப்பது, பட்டாசுக்கு வெளிச்சம் தரும் உலோகத் தூளைத் தயாரிக்கும் நிறுவனம். அதே ஆண்டு கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி. பட்டாசும் தீப்பெட்டியும் பஞ்சும் சம்பாதித்த பணம் பள்ளியாக, கல்லூரியாகத் திரும்பிவந்த ஊர்கள் இவை. பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடம் என்பது இந்த மாவட்டம் பல ஆண்டுகள் அநாயாசமாகப் பிடித்த இடம், 2023-இல் 97.85 சதவீதத்தோடு மறுபடியும் பிடித்தது. அந்த ஆண்டு மாநில அளவில் மாணவிகள் 96.38 சதவீதம், மாணவர்கள் 91.45 சதவீதம். இவ்வளவு மதிப்பெண் வாங்கும் மாவட்டம், மத்திய அரசு 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற இரண்டில் ஒன்று. வகுப்பறைக்கும் ஆலைக்கும் நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கல்லூரி கட்டிய கைகள்தான் ஆலையும் நடத்துகின்றன. கல்லூரி வாசலில் மகளை வரவேற்றவர்கள் ஆலை வாசலில் அவளைப் பார்த்து முகம் சுளிப்பதற்குத்தான் காரணம் கேட்கிறேன்.

பாதுகாப்பு பற்றிய கவலை பொய்யில்லை. இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடிந்தால் சூலக்கரைத் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு பெண் எப்படி வீடு போய்ச் சேருவாள்? பட்டறையில் ஒரே பெண்ணாக இருந்தால் யாரிடம் புகார் சொல்வாள்? கழிப்பறை எங்கே? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதில் நாம் தவறுகிறோம். இதையெல்லாம் 17 வயதுப் பெண்ணிடம் கேட்டு, பதில் இல்லையென்றால் அவள் விருப்பத்தை மாற்றச் சொல்கிறோம். கேட்க வேண்டியது ஆலையிடம், போக்குவரத்துக் கழகத்திடம், தொழிற்சாலை ஆய்வாளரிடம். விடியலில் பயராபீஸுக்குக் கிராமம் கிராமமாக வேன் அனுப்பி நூற்றுக்கணக்கான பெண்களைத் திரட்டத் தெரிந்த தொழில் இது. அந்த வேன் ஒரு பயிற்சிப் பொறியாளருக்காக இன்னொரு முறை ஓடினால் என்ன குறைந்துவிடும்?

காலமும் இந்தத் தொழிலை வேறு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசு மட்டுமே வெடிக்கலாம் என்றது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகமான நீரி புதிய கலவை முறைகளைக் கொடுத்தது. கைக்கணக்கிலும் பரம்பரை ரகசியத்திலும் ஓடிய தொழில் அன்றிலிருந்து சோதனைச் சாலைக்கும் அளவுக்கருவிக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கலவையை ஆள் இல்லாத அறையில் தொலைவிலிருந்து இயக்குவது, உராய்வையும் நிலைமின்சாரத்தையும் கட்டுப்படுத்துவது, மிச்ச மருந்தை அப்புறப்படுத்துவது எல்லாம் பொறியாளரின் வேலை. இந்த வேலையில் ஒரு தவறு நேர்ந்தால் செத்துப்போகிறவர்களில் பலர் பெண்கள். தங்கள் உயிரைப் பற்றிய கணக்கைப் போடும் மேசையில் அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தியாவது உட்கார வேண்டும் என்பது சலுகை கேட்பதாகுமா? இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரவிருக்கிறது. தையல் மேசைகளில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை என்று இப்போதே பேசுகிறார்கள். அதன் பராமரிப்புப் பிரிவில், கொதிகலன் அறையில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எத்தனை பெண்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டி முடித்த பிறகு கேட்டால், “அங்கேயும் பெண்களுக்கு விருப்பம் இல்லை” என்ற பதில் தயாராக இருக்கும்.

அரசு தொழிற்பயிற்சி நிலையமும் தொழிற்பேட்டையும் சூலக்கரை என்ற ஒரே ஊரில் இருக்கின்றன. அடுத்த ஜூனில் அந்த நிலையத்தின் ஃபிட்டர் பிரிவிலும் எலக்ட்ரீஷியன் பிரிவிலும் பெண்களை மூன்று நான்கு பேராகச் சேருங்கள். ஒருத்தியை மட்டும் தனியே சேர்க்காதீர்கள். தொழிற்பேட்டைக்காரர்கள் அவர்களை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளட்டும். உடம்போடு ஒட்டிய அந்த உடுப்பை அவர்களுக்கும் தைத்துக் கொடுக்கட்டும். அதற்கு முன்னால், பட்டறையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டட்டும்.